சவரக் கத்தி பிடித்த கை

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். சாலையில் செல்பவர்கள் இருபுறத்துக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால், ஒரே தொழிலுக்கு எத்தனை பெயர்கள் என்று வியப்பார்கள். பழைய கட்டடங்களில் ‘முடிதிருத்தகம்’ என்றிருக்கும். சற்றுப் புதியவற்றில் ‘சிகை அலங்கார நிலையம்’. கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வந்த பிறகு ‘ஆண்கள் அழகு நிலையம்’. பூந்தமல்லிப் பக்கம் போனாலும் இதே வரிசைதான். பலகையில் எது இருந்தாலும் நம் வாயில் வருவது ‘சலூன்’ ஒன்றுதான்.

அந்தச் சலூன் பிரெஞ்சுச் சொல். வீட்டில் விருந்தினரை அமர்த்தும் பெரிய கூடத்துக்கு அம்மொழியில் ‘சலோன்’ என்று பெயர். இத்தாலியத்திலிருந்து பிரெஞ்சுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் சென்று, கடைசியில் நம் தெருமுனைக்கு வந்து சேர்ந்தது. நாம் சொல்லும் ‘பார்பர்’ என்பதும் பிரெஞ்சு வழியாகவே ஆங்கிலத்தை அடைந்தது. தாடிக்கு இலத்தீனில் ‘பார்பா’, பிரெஞ்சில் ‘பார்ப்’. தாடியை மழிப்பவர் ‘பார்பியே’.

ஆனால் இன்று பிரான்சில் முடிவெட்டிக்கொள்ளப் போகிறவர் பொதுவாக ‘பார்பியே’யிடம் போவதாகச் சொல்வதில்லை, ‘குவாஃபர்’ என்றே சொல்வார். இச்சொல்லின் வேரில் முடியும் இல்லை, கத்தியும் இல்லை. தலையை ஒட்டி அணியும் துணித் தொப்பிக்கு ‘குவாஃப்’ என்று பெயர். பிற்கால இலத்தீனின் ‘கோஃபியா’ அதற்கு மூலம். தொப்பி அணிவித்தல், பிறகு தலைக்கு ஒப்பனை செய்தல், பிறகு கூந்தலைச் சீர்செய்தல் என்று பொருள் விரிந்தது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் சீமாட்டிகளின் கூந்தலை அலங்கரித்தவர்களிடம் இச்சொல் நிலைபெற்றது. நம் ‘சிகை அலங்காரம்’ போன்ற சொல் என்று கொள்ளலாம்.

முடிக்கும் தாடிக்கும் ஏற்கெனவே ஒரு சொல் இருக்க, இன்னொன்று எதற்கு? பழைய சொல்லில் இரத்தத்தின் வாடை இருந்தது. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் சவரம் செய்தவர்தான் கட்டியைக் கீறினார், பல்லைப் பிடுங்கினார், எலும்பைச் சேர்த்துக் கட்டினார், நரம்பைத் திறந்து இரத்தம் வடித்தார். 1215-இல் கூடிய இலாத்தரன் திருச்சபைப் பேரவை, உயர்நிலைக் குருமார்கள் அறுப்பதும் சுடுவதுமான சிகிச்சையில் ஈடுபடக் கூடாது என்று விதித்தது. பல்கலைக்கழகத்தில் இலத்தீன் படித்த மருத்துவர்களும் நாடி பார்த்து, நூல் பார்த்து, மருந்து எழுதித் தந்தார்களே தவிர, கத்தியைத் தொடவில்லை. தொட்டால் அந்தஸ்து போய்விடும். கத்தி ஏற்கெனவே கையில் இருந்தவரிடம் அந்த வேலை போய்ச் சேர்ந்தது.

அப்படிப்பட்ட ஒரு சவரத் தொழிலாளியின் வாழ்க்கையைச் சில ஆண்டுகளாக நான் தேடித் தேடிப் படித்துவருகிறேன். அவர் பெயர் அம்புருவாஸ் பரே. மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நவீன அறுவை மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவராக அவரை அறிவார்கள். ஆனால் அவர் கதை மருத்துவர்களுக்கு மட்டும் உரியதல்ல. நம் ஊரில் ‘மருத்துவர்’ என்ற பெயரைச் சாதிப் பெயராகச் சுமந்துகொண்டு, தொழிலில் முடிதிருத்துவோராக மட்டும் எஞ்சி நிற்கும் மக்களை நினைத்தால், அது நம் எல்லோரையும் கேள்வி கேட்கும் கதை.

பரே ஏறத்தாழ 1510-இல், பிரான்சின் மேற்கே லவால் நகரை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தார். எளிய குடும்பம். இலத்தீன் கற்கும் வசதி வாய்க்கவில்லை. அக்காலத்தில் இலத்தீன் இல்லை என்றால் பல்கலைக்கழகம் இல்லை; பல்கலைக்கழகம் இல்லை என்றால் மருத்துவர் பட்டம் இல்லை. ஆகவே சவரக் கடையில் தொழில் பழகும் சிறுவனாகச் சேர்ந்தார். தாடி மழிப்பதும், சீப்புகளைத் துடைத்து வைப்பதும், களிம்பு கிண்டுவதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அங்கே ஒரே வேலையின் பகுதிகள்.

1530-களின் தொடக்கத்தில் பாரிஸுக்கு வந்து, ‘ஒத்தெல்-தியு’ என்னும் தரும மருத்துவமனையில் ஏறக்குறைய மூன்றாண்டுகள் தங்கி வேலை பார்த்தார். ஏழைகளும் அநாதைகளும் வந்து சேரும் இடம் அது. ஒரே கட்டிலில் பல நோயாளிகள் படுத்திருப்பார்கள். புண், கட்டி, எலும்பு முறிவு, பிரசவம், பிணம் எல்லாவற்றையும் பரே அங்கே கண்ணால் கண்டார், கையால் தொட்டார். இலத்தீன் நூல்களில் இருந்ததைப் பல்கலைக்கழகத்தார் வாசித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்நூல்கள் பேசிய உடலையே அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

பிறகு போர் அவரை அழைத்தது. 1537 வாக்கில், பிரெஞ்சுப் படை ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலியின் டூரின் நகரை நோக்கிச் சென்றபோது, மோந்தெழான் என்னும் தளபதியின் அறுவை மருத்துவராக உடன் சென்றார். வயது இருபத்தேழு இருக்கலாம். அதுவரை ஒரு துப்பாக்கிக் காயத்துக்கும் அவர் மருந்திட்டதில்லை. துப்பாக்கியே ஐரோப்பியப் போர்களுக்கு ஓரளவு புதிது. வெடிமருந்து உடலில் நஞ்சை ஏற்றுகிறது என்று ஜோவான்னி த வீகோ என்ற புகழ்பெற்ற இத்தாலிய அறுவை மருத்துவர் எழுதியிருந்தார். நஞ்சைக் கொல்லக் கொதிக்கும் எண்ணெயைக் காயத்துக்குள் ஊற்ற வேண்டும் என்பது அவர் நூலின் விதி. பரேயும் மற்றவர்கள் செய்வதைப் பார்த்து அவ்வாறே ஊற்றினார்.

ஒரு நாள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. காயம்பட்டவர்களோ வந்துகொண்டே இருந்தார்கள். வேறு வழியின்றி முட்டையின் மஞ்சள் கரு, ரோஜாத் தைலம், டர்ப்பன்டைன் மூன்றையும் கலந்து, சூடின்றியே காயங்களில் பூசிக் கட்டினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றப்படாதவர்கள் நஞ்சேறி இறந்துகிடப்பார்கள் என்று அஞ்சினார். விடியும் முன்பே எழுந்து போய்ப் பார்த்தார். களிம்பு பூசப்பட்டவர்கள் அதிக வலியின்றி, வீக்கமின்றி, ஓரளவு உறங்கியும் இருந்தார்கள். கொதி எண்ணெய் பெற்றவர்களோ காய்ச்சலிலும் வீக்கத்திலும் வேதனையிலும் துடித்துக்கொண்டிருந்தார்கள். இனி எந்தக் காயத்தையும் அப்படிச் சுடுவதில்லை என்று அன்று உறுதி பூண்டார்.

இதைத் தற்செயல் என்று சிலர் சொல்வார்கள். எண்ணெய் தீர்ந்தது தற்செயல்தான். உறங்காமல் விழித்திருந்ததும், விடியுமுன் எழுந்து போய் இரு சாராரையும் ஒப்பிட்டுப் பார்த்ததும், பார்த்ததை நூலைவிட மேலாக நம்பியதும் தற்செயல் அல்ல.

அதே படையெடுப்பில் இன்னொரு நிகழ்ச்சி எனக்கு இதைவிடவும் முக்கியமாகப் படுகிறது. சமையற்கூடத்துச் சிறுவன் ஒருவன் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் விழுந்துவிட்டான். அவனுக்கு மருந்து வாங்க பரே போனபோது, அங்கிருந்த நாட்டுப்புறக் கிழவி ஒருத்தி, பச்சை வெங்காயத்தை உப்புடன் இடித்துப் பற்றுப் போட்டால் கொப்புளம் எழாது என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போகவில்லை, செய்து பார்த்தார். வெங்காயம் பட்ட இடத்தில் கொப்புளம் இல்லை. படாத இடத்தில் இருந்தது. பிறகு வெடிமருந்து தீப்பற்றி முகமும் கையும் வெந்த காவல்வீரன் ஒருவன் வந்தபோது, முகத்தின் ஒரு பாதிக்கு வெங்காயமும் மறு பாதிக்கு வழக்கமான மருந்தும் இட்டு ஒப்பிட்டார். வெங்காயத்தின் பலன் எவ்வளவு என்பதை இன்றைய மருத்துவர்கள் சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியின் சொல்லைச் சோதிக்கத் தகுந்ததாக ஏற்ற மனம்தான் இங்கே வியப்புக்குரியது.

அவரைக் குறையற்ற அறிவாளியாக வரைவது அவருக்கே நேர்மையாகாது. டூரின் நகரத்து மருத்துவர் ஒருவரிடமிருந்து, நாய்க்குட்டிகளையும் மண்புழுக்களையும் வேகவைத்துச் செய்யும் தைலம் ஒன்றின் செய்முறையை இரண்டாண்டுகள் நயந்து பேசிப் பெற்று, அதைப் பெரும்பேறாகக் கருதினார். விந்தைப் பிறவிகளைப் பற்றி அவர் எழுதிய நூலில் கட்டுக்கதைகள் நிறைய உண்டு. 1567-இல், விஷமுறிவுக் கல் என்று அரசர் நம்பிய ஒன்றைச் சோதிக்க, திருட்டுக் குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவனுக்கு, அவன் சம்மதத்தோடு நஞ்சும் அக்கல்லும் கொடுக்கப்பட்டன. பிழைத்தால் விடுதலை என்பது பேச்சு. அவன் சில மணி நேரம் துடித்து இறந்தான். கல் பொய் என்று பரே மெய்ப்பித்தார். ஆனால் அந்த மெய்ப்பின் விலை ஓர் ஏழையின் உயிர். அவர் காலத்தின் இருள் அவரிடமும் இருந்தது.

1545-இல் துப்பாக்கிக் காயங்களுக்கான சிகிச்சை பற்றிய தம் முதல் நூலைப் பாரிஸில் வெளியிட்டார். அதைப் பிரெஞ்சில் எழுதினார். இன்று இது இயல்பாகத் தோன்றும். அன்று மருத்துவத்தை மக்கள் மொழியில் எழுதுவது, கோவில் கருவறைக் கதவைத் திறந்துபோட்டதற்கு ஒப்பானது. தெரியாததால்தான் இலத்தீனில் எழுதவில்லை என்று பகைவர் ஏளனம் செய்தார்கள். உண்மைதான், அவருக்குத் தெரியாது. ஆனால் போர்முனையில் காயத்துக்குக் கட்டுப் போட்ட ஆயிரக்கணக்கான சவரத் தொழிலாளர்களுக்கும் இலத்தீன் தெரியாது. அவர்கள் படிக்கத்தக்க நூல் அவர்கள் மொழியில்தான் இருக்க முடியும்.

கை கால்களை வெட்டி எடுக்க நேரும்போது, பெருகும் இரத்தத்தை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது அக்கால வழக்கம். வலியாலேயே பலர் மாண்டனர். 1552-இல் தாம்வில்லர் முற்றுகையின்போது, பரே இரும்பை ஒதுக்கிவிட்டு, அறுபட்ட இரத்தக் குழாயின் முனையை இடுக்கியால் பற்றி நூலால் இறுகக் கட்டினார். நூலால் கட்டும் முறை பழைய நூல்களிலும் உண்டு என்பதை அவரே ஒப்புக்கொண்டார். கை கால் நீக்கத்தில் அதைத் துணிந்து கையாண்டதும், 1564-இல் வெளிவந்த நூலில் விளக்கி எழுதியதும் அவர் செயல். இன்று எந்த அறுவைக் கூடத்திலும் இரத்தக் குழாயைக் கட்டும் கை, அந்தச் செயலின் வழித்தோன்றல்.

உறுப்பை எடுத்ததோடு அவர் கடமை முடிந்ததென்று விட்டுவிடவில்லை. இல்லாத காலில் வலிக்கிறது என்று படைவீரர்கள் சொன்னதை மனப்பிரமை என்று தள்ளாமல் பதிவு செய்தார். பூட்டு செய்யும் கைவினைஞர் ஒருவரைக் கொண்டு, பற்சக்கரமும் வில்லும் வைத்து விரல் மடங்கும் இரும்புக் கையைச் செய்வித்து, அதன் படத்தை நூலில் அச்சிட்டார். வயிற்றில் குறுக்கே கிடக்கும் குழந்தையைக் காலைப் பற்றித் திருப்பி எடுக்கும் பழைய முறையை மீண்டும் வழக்குக்குக் கொண்டுவந்தார். எத்தனை தாய்மார்கள் அதனால் பிழைத்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

1552-இல் இரண்டாம் ஹென்றி அரசர் அவரைத் தம் அறுவை மருத்துவர்களுள் ஒருவராக நியமித்தார். அவ்வாண்டு இறுதியில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை மெட்ஸ் நகரை முற்றுகையிட்டபோது, மருந்துகளோடு இரவில் இரகசியமாக நகருக்குள் அனுப்பப்பட்டார். அவர் முகத்தைக் கண்ட வீரர்கள், இனி காயம்பட்டாலும் சாகமாட்டோம் என்று மகிழ்ந்தார்களாம். அடுத்த ஆண்டு ஹெதின் கோட்டையில் எதிரிகளிடம் சிறைப்பட்டார். தம்மோடு இருந்துவிடுமாறு வெற்றி பெற்றவர்கள் அழைத்தும் மறுத்தார். பிறகு, நெடுநாள் கால்புண்ணால் வருந்திய எதிரிப் பிரபு ஒருவரைக் குணப்படுத்தி, மீட்புப் பணமின்றி விடுதலை பெற்றார்.

1554-இல் பாரிஸின் சேன்-கோம் அறுவை மருத்துவர் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. நீண்ட அங்கி அணிந்த அக்கழகத்தார், குட்டை அங்கி அணிந்த சவரக்கடை மருத்துவர்களைத் தமக்குக் கீழே வைத்தவர்கள். தேர்வோ இலத்தீனில் நடக்கும். அரசவையின் செல்வாக்கும் பரேயின் புகழும் விதியை வளைத்தன. அவருடைய இலத்தீனைக் கேலி செய்யும் கதைகள் பின்னர் நெடுங்காலம் உலவின.

இரண்டாம் ஹென்றி, இரண்டாம் பிரான்சுவா, ஒன்பதாம் சார்லஸ், மூன்றாம் ஹென்றி என நான்கு அரசர்களுக்கு அவர் பணிபுரிந்தார். 1559-இல் கேளிக்கைப் போட்டி ஒன்றில் ஈட்டியின் சிம்பு கண் வழியே பாய்ந்து இரண்டாம் ஹென்றி வீழ்ந்தபோது, பிரஸ்ஸல்ஸிலிருந்து விரைந்து வந்த உடற்கூறு மேதை வெசாலியஸும் பரேயும் ஒரே படுக்கையின் அருகே நின்றார்கள். பல்கலைக்கழகத்தின் தலைசிறந்த மாணவரும் சவரக்கடையின் தலைசிறந்த மாணவரும் கூடியும் அரசரைக் காக்க முடியவில்லை.

பல்கலைக்கழக மருத்துவப் பேரவையின் கோபம் மட்டும் தணியவே இல்லை. 1575-இல் பரே தம் படைப்புகள் அனைத்தையும் ஒரே பெருந்தொகுதியாக வெளியிட்டபோது, எத்தியேன் கூர்மெலன் என்பவர் தலைமையில் பேரவை அதைத் தடுக்க முயன்றது. அறுவை மருத்துவன் காய்ச்சலைப் பற்றி எழுத என்ன தகுதி, உடலின் மறைவான செய்திகளைப் பாமரர் மொழியில் எழுதலாமா என்பன குற்றச்சாட்டுகள். வழக்கு நடந்தது, நூலும் விற்றது. 1580-இல் கூர்மெலன், இரத்தக் குழாயை நூலால் கட்டும் முறையைக் கண்டித்து இலத்தீனில் எழுதினார். 1585-இல், எழுபத்தைந்து வயதில், பரே பதிலளித்தார். தாம் சென்ற ஒவ்வொரு போர்முனையையும், கண்ட ஒவ்வொரு காயத்தையும் வரிசையாக எழுதி, நாற்காலியில் அமர்ந்து வாதிடுவது வேறு, கையால் செய்வது வேறு என்பதை உணர்த்தினார்.

இதற்கிடையே 1582-இல் அவர் தொகுதியை அவருடைய மாணவர் கியோமோ இலத்தீனில் வெளியிட்டார். இலத்தீன் அறியாதவர் என்று யாரை இகழ்ந்தார்களோ அவரையே உலகம் இலத்தீனில் படித்தது. 1634-இல் ஆங்கிலத்திலும் வந்தது. டச்சு மொழிபெயர்ப்பு வழியே ஜப்பானையும் அடைந்து, 1706-இல் அங்கே தோன்றிய அறுவை மருத்துவ நூல் ஒன்றுக்கு அடிப்படையாயிற்று.

அவருடைய கடைசி ஆண்டைப் பற்றிப் பாரிஸ் நாட்குறிப்பாளர் ஒருவர் எழுதிவைத்த செய்தியை மறக்க முடிவதில்லை. 1590 கோடையில் நகரம் முற்றுகையில் இருந்தது. மக்கள் பட்டினியால் தெருவில் விழுந்துகொண்டிருந்தார்கள். உள்ளிருந்த தலைவர்களோ சமாதானத்துக்கு இணங்கவில்லை. எண்பது வயது பரே, பாலம் ஒன்றின் அருகே லியோன் நகரப் பேராயரை வழிமறித்து, இந்த ஏழைகள் கேட்பது ரொட்டி, அவர்களுக்காகச் சமாதானத்துக்கு வழி செய்யுங்கள் என்று மன்றாடினாராம். அவ்வாண்டு டிசம்பர் 20-இல் அவர் இறந்தார். அவரைப் புதைத்த தேவாலயம் இன்று இல்லை. லவால் நகரில் 1840-இல் நிறுவிய சிலை இருக்கிறது.

அவருக்குப் பின் நடந்ததைச் சொற்களே சொல்லும். அறுவை மருத்துவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ‘ஷிருர்ஜியன்’. கிரேக்கத்தில் ‘கெய்ர்’ என்றால் கை, ‘எர்கான்’ என்றால் வேலை. கைவேலைக்காரர் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். ஒரு காலத்தில் இழிவாக ஒலித்த அந்தப் பெயர் மெல்ல உயர்ந்தது. 1731-இல் அறுவை மருத்துவத்துக்கு அரசுக் கழகம் தோன்றியது. 1743-இல் அரச ஆணை, பாரிஸில் அறுவை மருத்துவரையும் சவரத் தொழிலாளரையும் பிரித்தது. இலண்டனில் 1745-இல் இதே பிரிவினை நடந்தது. அங்கே அறுவை மருத்துவர்களை இன்றும் ‘டாக்டர்’ என்னாமல் ‘மிஸ்டர்’ என்றே அழைப்பது, அந்தப் பழைய சவரக்கடையின் எச்சம்.

கத்தி இரண்டாகப் பிரிந்த பிறகு, சவரத்தோடு நின்றவர்களும் வேறு பெயர் தேடினார்கள். 1760-களின் இறுதியில் பாரிஸின் பெண்கள் சிகை ஒப்பனையாளர்கள், பொய்முடி செய்வோர் சங்கத்தோடு வழக்காடியபோது, தாங்கள் சவரத் தொழிலாளர் அல்லர், ஓவியரையும் சிற்பியையும் போன்ற கலைஞர் என்று வாதிட்டார்கள். ‘குவாஃபர்’ என்ற தொப்பிச் சொல் வென்றது. ‘பார்பியே’ பெரும்பாலும் கதைக்கும் நாடகத்துக்கும் ஒதுங்கியது. 1775-இல் போமார்ஷே நாடகமாக்கிய பிகாரோ என்ற சாமர்த்தியக்காரச் சவரத் தொழிலாளியின் பெயரில்தான் 1826-இல் பாரிஸில் ஒரு செய்தித்தாள் தொடங்கியது. இன்றும் நாள்தோறும் வெளிவருகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தமிழகத்தில் இத்தொழில் செய்தவர்களுக்கு வழங்கிய பெயர்களை அடுக்கிப் பாருங்கள். மருத்துவர், பண்டிதர், பரியாரி. இன்று வசைச்சொல்லாகத் திரிந்துவிட்ட ‘அம்பட்டர்’ என்ற பெயரை, மருத்துவம் செய்வோர் என்று மனுநூல் குறிக்கும் ‘அம்பஷ்டர்’ என்னும் வடசொல்லோடு இணைத்துக் காட்டுவார்கள். நோயைப் பரிகரிப்பவர் பரியாரி. தமிழக அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் முதலில் நிற்பது ‘மருத்துவர்’ என்ற பெயர்தான். ஆண்கள் கட்டி கீறினார்கள், எலும்பு கட்டினார்கள். பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளும் இதைப் பதிவு செய்திருக்கின்றன. பிரான்சில் ஒரே கடையில் இருந்தவை இங்கும் ஒரே வீட்டில்தான் இருந்தன.

என் தாயார் பூந்தமல்லியை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவரைக் கையில் ஏந்தியவர் அந்த ஊர் மருத்துவச்சி. அவருடைய கணவர் ஊருக்கு முடிதிருத்தினார். அந்த அம்மாள் உள்ளறைவரை வந்து பிள்ளையை எடுப்பார்; தொப்புள்கொடி அறுப்பார்; பத்து நாள் தாய்க்கும் சேய்க்கும் மருந்து அரைத்துக் கொடுப்பார். ஆனால் கூலி நெல்லைப் பின்கட்டுக் கதவருகே நின்றுதான் வாங்கிக்கொள்வார். என் பாட்டி இதை வருத்தமாகச் சொன்னதில்லை, வழக்கமாகவே சொன்னார். உயிர் காக்கும் நேரத்தில் இல்லாத தீட்டு, கூலி தரும் நேரத்தில் எப்படி வந்தது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிரான்சில் பரேயின் முன் நின்ற சுவர் இலத்தீன். அது உயரமான சுவர். ஆனால் ஏறலாம், சுற்றிப் போகலாம், வேண்டுமானால் மறுபக்கத்திலிருந்தே உரக்கப் பேசலாம். அவர் அதைத்தான் செய்தார். நம்மிடம் மொழி தடையாக இல்லை. சித்த மருத்துவச் சுவடிகள் தமிழிலேயே இருந்தன. திறமையும் தடையாக இல்லை. மைசூர்ப் போரில் மூக்கறுபட்ட ஒரு வண்டிக்காரருக்கு, புணேயை ஒட்டிய பகுதியில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலை எடுத்து மூக்கு வைத்துத் தைத்ததை 1794-இல் இலண்டன் பத்திரிகை படத்தோடு வெளியிட்டது. ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் பார்த்துக் கற்றார்கள். ஆனால் தைத்தவரின் பெயரை அந்தப் பத்திரிகை சொல்லவில்லை. நம்மவர் யாரும் எழுதிவைக்கவும் இல்லை. கைவேலை செய்தவர் பிறப்பால் கைவேலைக்காரராகவே இருக்க வேண்டும் என்ற சுவரை ஏறிக் கடக்க இயலவில்லை.

பிறகு 1835-இல் சென்னையில் மருத்துவப் பள்ளி வந்தது. 1914-இல் மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. பட்டம் பெற்றவரே மருத்துவர் என்றாயிற்று. நோயாளிகளின் நலனுக்கு அது தேவையான மாற்றம்தான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காயத்தையும் பிரசவத்தையும் கையாண்ட குடும்பங்களின் பிள்ளைகளை அந்தப் பள்ளிகளுக்கு முதலில் அழைத்திருக்க வேண்டாமா? அழைக்கவில்லை. மருத்துவம் அவர்களிடமிருந்து போயிற்று. பெயர் மட்டும் தங்கியது. மீதமிருந்த கத்தியைக் காட்டி ஊர் அவர்களை இகழ்ந்தது. அரசு மருத்துவமனைகளில் அறுவைக்கு முன் நோயாளியின் முடியை மழிக்க முடிதிருத்துநரை அழைப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறுவார். மருத்துவர் உள்ளே வருவார். பரேயின் காலத்தில் அந்த இருவரும் ஒருவர்.

பலகைகளில் பெயர் மாறுவதை நான் குறை சொல்லவில்லை. தம்மை இழிவுபடுத்திய சொல்லை உதறிவிட்டு மதிப்பான சொல்லைத் தேடுவது மனிதரின் உரிமை. பாரிஸில் ‘குவாஃபர்’ என்று பெயர் சூட்டிக்கொண்டவர்களும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் சொல்லை மாற்றும் பொறுப்பு இகழப்பட்டவர்மேல் மட்டும் விழுவது நியாயமில்லை. சாதிப் பெயரை வசையாக வீசும் நாக்கு திருந்தாவிட்டால், புதிய சொல்லும் நாளடைவில் வசையாகிவிடும்.

நமக்கு ஒரு பரே கிடைக்கவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு. கிடைத்திருப்பார்கள், பலர் கிடைத்திருப்பார்கள். அவர்கள் கீறிய கட்டிகளும், சேர்த்துக் கட்டிய எலும்புகளும், ஏந்திய பிள்ளைகளும்தான் நம் முன்னோர். இன்றும் கிராமங்களில் அந்தக் கைமருத்துவத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் சிலர் மிஞ்சியிருக்கிறார்கள். நம் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறையும் மருத்துவத் துறையும் இணைந்து, அவர்கள் செய்ததை, பயன்படுத்திய கருவிகளை, அரைத்த மருந்துகளை, அவரவர் பெயரோடு பதிவுசெய்யலாம். பயனுள்ளவை எவை, பொய்யானவை எவை என்று பிறகு சோதித்துக்கொள்ளலாம். நாட்டுப்புறக் கிழவியின் வெங்காயத்துக்கு பரே கொடுத்த அந்த ஒரு வாய்ப்பையாவது நம் மருத்துவச்சிகளுக்கும் நாம் கொடுக்க வேண்டும்.